குரூப் டிஸ்கஷன் நடத்துறது பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. பதினஞ்சு வருஷமா வாசிப்பு வட்டம், ஆபீஸ் மீட்டிங், பெற்றோர் கூட்டம்னு எல்லா இடத்துலயும் நடுவுல உக்காந்து பேச்ச நடத்திட்டு இருக்கேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னு கேக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. தலையாட்டுறத தவிர ஒண்ணும் கிடைக்காது.

கேள்வி: அக்கா, நான் கேள்வி கேட்டா ஒருத்தரும் வாய தொறக்குறதில்ல. கடைசில நானே பதிலும் சொல்லிடுறேன். என்ன பண்றது?

பதில்: கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்கீங்க, எண்ணிப் பாத்திருக்கீங்களா? மேரி பட் ரோன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல வகுப்பறை பேச்ச டேப்ல பதிவு பண்ணி அளந்து பாத்தாங்க, 1970கள்ல வெளிவந்த ஆராய்ச்சி. டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டு தான் பொறுத்திருக்காங்க. அத மூணு செகண்டுக்கு மேல இழுத்ததும் பதில் நீளமாச்சு, பதிலே வராம போறது குறைஞ்சுது, பசங்களே கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க.

நான் பத்து வரைக்கும் எண்ணுவேன், ஷூவுக்குள்ள கால் விரல மடக்கி மடக்கி, அப்பதான் மூஞ்சில தெரியாது. ஒரு தடவ ஏழு வந்தப்போ, அதுவரைக்கும் பேனா மூடிய கழட்டி மாட்டி கழட்டி மாட்டிட்டு இருந்த ஒருத்தர், "இல்ல, இத நாம யாருக்காக பண்றோம்னே எனக்கு இன்னும் புரியல"ன்னார். மிச்ச ஒன்றரை மணி நேரமும் அந்த ஒரு வரிய வச்சுதான் ஓடுச்சு. ஆறுல நான் வாய தொறந்திருந்தா அவர் மூடிய மாட்டிட்டு வீட்டுக்கு போயிருப்பார்.

கேக்குற கேள்வியவும் பாருங்க. "கதை எப்படி இருந்துச்சு?"ன்னா "நல்லா இருந்துச்சு"ன்னு தான் வரும். "அவ அந்த கடிதத்த கிழிச்சது சரியா?"ன்னு கேளுங்க, அடிச்சுக்குவாங்க. உங்களுக்கே பதில் தெரிஞ்சதா இருந்தா அது பரீட்சை.

கேள்வி: வேலைக்கு ஆள் எடுக்குற ஜிடி (குரூப் டிஸ்கஷன்) ரவுண்டுல ஜெயிக்க டிப்ஸ்?

பதில்: அது போட்டிங்க, என் ஏரியா இல்ல. இன்டர்வியூ கோச்சிங் குடுக்குறவங்கள கேளுங்க.

கேள்வி: எங்க குழுவுல ஒரு பெரியவர், பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார். வயசுக்கு மரியாதை குடுக்கணுமே?

பதில்: கூட்டத்துக்கு நடுவுல மடக்காதீங்க. முன்னாடியே தனியா பாத்து, "ஐயா, நீங்க சொல்லிட்டா அதுக்கப்புறம் சின்னவங்க வாய தொறக்க மாட்டேங்குறாங்க, உங்கள கடைசில கூப்பிடுறேன்"னு சொல்லுங்க. இது பொய்யும் இல்ல, அவருக்கு மரியாதையும் தான். கடைசில மறக்காம கூப்பிடணும், மறந்தீங்க செத்தீங்க.

கேள்வி: யாருமே பேச மாட்டேங்குறாங்க மேடம்.

பதில்: மேல இருக்கு. எண்ணுங்க.

கேள்வி: வட்டமா உக்கார வச்சு வரிசையா ஒவ்வொருத்தரையும் பேச விடலாமா?

பதில்: வேண்டாம். தன் முறை வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு இருப்பாங்க, பக்கத்து ஆள் பேசுறது காதுலயே விழாது. வேஸ்ட்.

குறுக்க ஒருத்தர்: அக்கா, இதுல நீங்க தப்பு. வரிசை இல்லன்னா என்னைய மாதிரி ஆளுக்கு வாய்ப்பே வராது. மூணு வருஷம் ஒரு குழுவுல இருந்தேன், ஒரு தடவ கூட நான் பேசல. ஒத்திகை தானே, வரிசை இல்லாத கூட்டத்துலயும் நான் அதத்தான் பண்ணிட்டு இருந்தேன், முறை மட்டும் வரவே இல்ல.

பதில்: ம்ம். இது குத்துது தம்பி. சரி, கொஞ்சம் விரிவாவே பேசுவோம். 1958ல யேல் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை, நாலு பேர் ஒண்ணா உக்காந்து யோசனை சொல்றாங்க, இன்னொரு பக்கம் நாலு பேர் தனித்தனியா யோசிச்சு கடைசில கூட்டிப் பாக்குறாங்க. தனித்தனியா யோசிச்சவங்க சொன்ன யோசனைங்க தான் எண்ணிக்கைல ஜாஸ்தி. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க பேச முடியாது, காத்திருக்கிறதுலயே யோசனை ஆவியாயிடும். அதனால 1971ல டெல்பெக், வான் டி வென்னு ரெண்டு பேர் கூட்டம் நடத்துற ஒரு வழிமுறைய எழுதினாங்க: மொதல்ல எல்லாரும் அமைதியா பேப்பர்ல எழுதணும், அப்புறம் ஆளுக்கு ஒண்ணா வரிசையா சொல்லணும், போர்டுல ஏத்தணும், அதுக்கப்புறம் தான் விவாதம், ஓட்டு. கவனிச்சீங்களா, அதுலயும் வரிசை இருக்கு. ஆனா கையில எழுதினது இருக்கிறதால ஒத்திகை தேவையில்ல, அடுத்தவங்கள கேக்க முடியும்.

இன்னொருத்தர்: அப்போ மொதல்ல சொன்னது தப்புன்னு ஒத்துக்குறீங்களா?

பதில்: பாதி. எழுதாம வரிசை விடுறது வேஸ்ட், அதுல மாற மாட்டேன்.

அதே தம்பி: எழுத கூச்சப்படுறவங்க, எழுதப் படிக்க வராதவங்க இருந்தா?

பதில்: ரெண்டு ரெண்டு பேரா ரெண்டு நிமிஷம் பேச விடுங்க. பெரிய கூட்டத்துல சொல்ல முடியாதத பக்கத்து ஆள்கிட்ட சொல்லிடுவாங்க. நல்ல கேள்வி, உன்ன அந்த மூணு வருஷமும் பேச விடாதவங்க பாவம்.

கேள்வி: எங்க டீம்ல எல்லாரும் சைலன்ட், என்ன பண்ணலாம்?

பதில்: மூணாவது தடவ. பத்து. கால் விரல்.

கேள்வி: கூட்டத்த முடிக்கும்போது "எல்லாருக்கும் புரிஞ்சுதா"ன்னு கேட்டு முடிச்சுடலாம்ல?

பதில்: ஐயோ. யார், எத, எப்போ பண்றாங்கன்னு அவங்கவங்க வாயாலயே சொல்ல வச்சு முடிங்க. நான் கெளம்புறேன், வரிசை சண்டைய நீங்க தொடருங்க.