கறுத்துப் போன கப்பல் படத்தைக் கழுவலாமா?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தாத்தா காலத்து வீட்டை இடிக்கப் போகிறோம், கூடத்தில் மூன்றடி அகலத்தில் ஒரு ஆயில் பெயிண்டிங் இருக்கிறது, பட்டப்பகலில் இரண்டு போர்க்கப்பல்கள் சுட்டுக்கொள்கிற மாதிரி. முதல் உலகப்போரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸில் குண்டு போட்ட காட்சி என்று வீட்டில் சொல்வார்கள். பாரிமுனையில் ஒரு ஃப்ரேம் கடைக்காரர் கழுவி, வார்னிஷ் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஃப்ரேம் போடுவது வேறு, படத்தின் மேல் கை வைப்பது வேறு.

முதலில் அது என்ன சண்டை என்று பார்ப்போம். எம்டன் மெட்ராஸுக்கு வந்தது 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஒன்பதரை மணி வாக்கில். துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது, கரையிலிருந்து பீரங்கி சுட்டார்களே தவிர, எதிர்த்துச் சண்டை போட எந்தக் கப்பலும் வரவில்லை. ஆகவே பகல் வெளிச்சத்தில் இரண்டு கப்பல் என்றால் அது மெட்ராஸ் இல்லை. எம்டன்தான் என்றால் அதே வருஷம் நவம்பர் 9 காலையில், இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகள் பக்கம், ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அது சிக்கிய சண்டையாக இருக்கலாம்.

புகைபோக்கிகளை எண்ணுங்கள். எம்டனுக்கு மூன்று, சிட்னிக்கு நான்கு. ஆனால் எம்டன் ஆளை ஏமாற்ற நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியும் வைத்துக்கொண்ட கப்பல், அதனால் கொடியையும் பாருங்கள்: இரண்டுமே வெள்ளைக் கொடி, ஜெர்மன்காரனுடையதில் கறுப்புச் சிலுவை, சிட்னி பறக்கவிட்ட பிரிட்டிஷ் கடற்படைக் கொடியில் சிவப்பு. எம்டன் வெள்ளை வெளேரென்று இருந்தால், ஓவியர் சமாதான காலத்துப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருப்பார், ஏனென்றால் சண்டைக்கு அதைச் சாம்பல் நிறமாக்கிவிட்டார்கள். இதெல்லாம் பொருந்தினாலும் படம் 1914-இல் வரைந்தது என்று ஆகிவிடாது.

அப்புறம், அது கையால் வரைந்ததுதானா? அந்தக் காலத்தில் அச்சடித்த படத்தைத் துணியில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி, ஆயில் பெயிண்டிங் போலவே விற்றார்கள். பூதக்கண்ணாடியில் அலை நுரையைப் பாருங்கள், சீராகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு.

கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி பழைய வார்னிஷ் மஞ்சளாகிப் பழுப்பாகியிருக்கும், மீதி சாம்பிராணிப் புகை, விளக்குக் கரி, தெருத் தூசி. தண்ணீர், சோப்பு, தின்னர், உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்ப்பது எதுவும் வேண்டாம். ஈரம் வெடிப்பு வழியாக உள்ளே போனால் கேன்வாஸ் சுருங்கும், பெயிண்ட் செதில் செதிலாகப் பெயரும். பெயராத இடத்தில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டலாம், அவ்வளவுதான். கறுப்பின் மேலேயே புது வார்னிஷ் அடித்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான், பிறகு எடுக்கிறவருக்கு இரண்டு மடங்கு வேலை.

வீட்டை இடிக்கும் முன்பே படத்தை இறக்கிவிடுங்கள், கடப்பாரை அதிர்வுக்கே பெயிண்ட் உதிரும். முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், பின்பக்கம் சீட்டோ பென்சில் எழுத்தோ இருந்தால் கிழிக்காதீர்கள், பழைய மரச்சட்டத்தையும் எறியாதீர்கள். சுருட்ட வேண்டாம், பபிள் ஷீட்டைப் பெயிண்ட் மேல் நேராகச் சுற்றவும் வேண்டாம். புது வீட்டில் ஓதம் ஏறாத உள்சுவராகப் பார்த்து, பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்துக் காற்றுப் போக இடம் விட்டு மாட்டுங்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் உப்புக்காற்று சும்மா விடாது.

சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் யாரிடம் கொடுக்கலாம் என்று விசாரியுங்கள். எந்த ஆளாக இருந்தாலும் ஒரு ஓரத்தில் சின்னதாகச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் படத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது கேட்டால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள்: நூறு வருஷம் தாண்டிய ஓவியம் என்றால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.