வாத்தியார் சம்பளம்: கேளுங்கள், சொல்கிறேன்

முப்பது வருடம் கரும்பலகை, அதில் பாதிக் காலம் சங்க வேலை. சம்பளம், பணிக்கொடை (வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி) பற்றிக் கேளுங்கள். இடமாறுதல் கலந்தாய்வு மட்டும் வேண்டாம், அதற்குத் தனிப் புராணம் தேவை.

ஈரோடு ஆசிரியை: தனியார் பள்ளியில் ஏழு வருடம் இருந்து நின்றுவிட்டேன். பணிக்கொடை அரசு ஆசிரியருக்குத்தான் என்கிறது நிர்வாகம். அப்படியா சார்?

இல்லை அம்மா, உங்களுக்கும் உண்டு. பணிக்கொடைச் சட்டம் சொல்லும் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையில் குரு, பட்டுவாடாவில் ஊழியர்கூட இல்லை! 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 3.4.1997 முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டு, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. உங்கள் நிர்வாகம் இன்னும் 2004-ஐத் தாண்டவில்லை.

கணக்கு எளிது. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: 7,500. ஏழு வருடத்துக்கு 52,500 ரூபாய். எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு. அசல் சான்றிதழ் பள்ளியில் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

நெல்லை, பி.எட். முடித்தவர்: வேலையில் சேர அசல் சான்றிதழ் கேட்கிறார்கள்...

காட்டுங்கள், கொடுக்காதீர்கள். நகல் போதும்.

அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர்: ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. என்னைவிடப் பக்கத்து அறை அக்காவுக்கு ஏன் இவ்வளவு அதிகம்?

அவர் 31.5.2009-க்குள் சேர்ந்திருப்பார். அவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 என்று வைத்தார்கள். மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200. அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகத்தான் சென்னையில் பள்ளிக்கல்வித் துறையின் தலைமை அலுவலகம் இருக்கும் டிபிஐ வளாகத்தில் அத்தனை உண்ணாவிரதம்.

கோவை வாசகர்: அரசு வாத்தியார்களுக்கு என்ன குறை? மே மாதம் சும்மா சம்பளம்!

தம்பி, பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள். பல வருடம் அவர்களுக்கு மே மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே கோவை வாசகர்: அது விதிவிலக்கு சார். மற்றவர்கள்?

2012-இல் எடுத்தது பதினாறாயிரம் பேருக்கு மேல். இவ்வளவு பெரிய விதிவிலக்கா?

மதுரை: தனியார் பள்ளிக்குப் பணிக்கொடை உண்டா?

முதல் பதில். இதோடு நான்கு பேர் கேட்டாயிற்று.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் தனியார் பள்ளியில் சம்பளமாக வங்கியில் 20,000 போட்டு, 8,000-ஐ ரொக்கமாகத் திருப்பி வாங்குகிறார்கள்.

வங்கியில் ஏறியதுதான் உங்கள் சம்பளம். பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து பத்திரமாக வையுங்கள். நாளைக்குப் பணிக்கொடையை அந்த 20,000-க்கே கேளுங்கள். அசல் சான்றிதழ் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?