“இந்த 19 பேரும் எங்கேம்மா போனாங்க?”

கேள்வி: என் மகள் சென்னையில் புற்றுநோய் மருத்துவத்தில், எம்.டி.க்கு அடுத்த சிறப்புப் படிப்பான டி.எம். படிக்கிறாள். டூட்டி முடிந்து வீடு திரும்பவே ராத்திரி பத்தாகிறது. இதற்கு நடுவில் ஆராய்ச்சி செய்ய வேண்டும், நல்ல வழிகாட்டி அமையவில்லை என்று ஏங்குகிறாள். நோயாளிகளைப் பார்த்தால் போதாதா? கல்லூரியே ஆய்வேட்டுக்கு ஒரு கைடு கொடுத்திருக்கிறதே?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: அவள் ஏங்குவது நியாயம்தான், அம்மா.

ஆராய்ச்சி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைக் கொடுத்தால் நோய் முற்றுகிறது என்று கவனித்தவர் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர். அப்படியென்றால் அந்த வைட்டமினைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அந்த மருந்தைச் செய்து தந்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவின் குழு. 1948இல் வெளியான கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் தணிந்ததாக ஃபார்பர் எழுதினார். வார்டில் எழுந்த சந்தேகம்தான் மருந்தானது. அந்தச் சந்தேகம் வார்டில் நிற்கிறவருக்குத்தான் வரும்.

சரி, கைடு இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? என் கதையைச் சொல்கிறேன். என் ஆய்வுக்காகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த 64 பெண்களின் கேஸ் ஷீட்டை எடுத்திருந்தேன். அதில் 19 பேர் பாதியில் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். முடிவு பிரமாதமாக வந்தது. என் கைடு கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அதே துறையில் இருந்த ஒரு மூத்த டாக்டரம்மா மட்டும் தாளைப் புரட்டிவிட்டு, “இந்த 19 பேரும் எங்கேம்மா போனாங்க?” என்று கேட்டார். மறுநாள் தன் காசில் இன்லண்டு லெட்டர் வாங்கி வந்தார். ஓ.பி. முடிந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து விலாசம் எழுதினோம். பதினான்கு பதில்கள் வந்தன. எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர், பஸ்ஸுக்குக் காசில்லாததால்தான் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். என் ‘பிரமாதமான’ முடிவு சரிந்தது. ரெக்கார்ட் ரூமிலேயே அழுதேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, “இப்பதான் உன் ஆராய்ச்சி ஆரம்பிக்குது” என்றார். அப்புறம் பல வருடங்கள் நான் செய்த வேலையெல்லாம், நோயாளிகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

உங்கள் மகள் படிக்கும் டி.எம். படிப்பையே நாட்டில் முதன்முதலில் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான், 1984இல். 1954இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் சிகிச்சையோடு சேர்த்து இளம் டாக்டர்களையும் அங்கே உருவாக்கினார்கள். எனவே சென்னையில் வழிகாட்ட ஆள் கிடைக்காமல் போகாது. பெரிய பெயரை மட்டும் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வழிகாட்டியிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், கட்டுரையில் அவர்கள் பெயர் முதலில் வந்ததா என்று விசாரிக்கட்டும். வாரத்தில் அரை நாள் வார்டு வேலையிலிருந்து விடுவித்துத் தருவாரா என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். எனக்கு அந்த அரை நாள் கிடைத்தது புதன்கிழமை மதியங்களில்.

போகும்போது பயோடேட்டா வேண்டாம். தன்னைத் தூங்கவிடாத ஒரு நோயாளியின் கேஸையும், அதில் தனக்குள்ள சந்தேகத்தையும் எடுத்துப்போகட்டும்.