எவ்வளவு பயிற்சி செய்தும் ஓட்ட நேரம் குறையவில்லை, பாடத்திலும் மார்க்ஸ் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

இன்னும் கூடுதலாக ஓடு, இன்னும் முந்தி எழும்பு என்றுதான் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

நான் இலங்கையில் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். உயர்தரம் படிக்கும்போது 1500 மீற்றர் ஓடுவேன். மைதானம் எங்கே இருந்தது? கோயிலடியிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் ரோட்டில்தான் பயிற்சி. 5 நிமிடம் 50 செக்கன். ஏழு மாதம் அதிலேயே நின்றேன். இரசாயனவியலில் 50ஐத் தாண்டவில்லை. இரவில் ஒரே பந்தியை மூன்று தரம் வாசித்தாலும் மண்டையில் ஏறாது. விளையாட்டு சேர் "சோம்பல்" என்றார். நம்பி, பின்னேரமும் ஓடினேன். நேரம் 6 நிமிடத்துக்குப் போனது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் எல்லோருக்கும் கொடுக்கிற அதே வெள்ளைக் குளிசை. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுப் படி ஏறவே எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்த அம்மா, ஒருநாள் வேலைக்குப் போகாமல் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டுமாம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே மூச்சில் வரும் ஒட்சிசனே கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதைச் சுமக்க இரத்தமும் இல்லாமல் நான் எப்படி ஓடுவது?

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "சாப்பாட்டோட என்ன குடிப்பீங்க?"

வேறென்ன, தேத்தண்ணி. ரொட்டிக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான். தேயிலையில் இருக்கிற தனின் என்ற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாதாம். கவ்வாத்து வெட்டிவிட்டு, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்டு வரும் அப்பாவின் கத்தி கறுத்துப்போயிருக்கும். அதுவும் இரும்பும் தனினும் சேர்ந்த வேலைதான். இரசாயனவியல் படித்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி குடித்தேன். இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு போட்டேன். மூன்று மாதத்தில் 5:31. மார்க்ஸ் 64.

சரி, எல்லோருக்கும் இரத்தச்சோகை என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு ஓய்வும் தூக்கமும்தான் குறை. இரத்தம் சோதிக்காமல் நீங்களாகக் குளிசை வாங்கிப் போடாதீர்கள், இரும்பு கூடினாலும் கெடுதல். "தேயிலையில் சாப்பிட்டவள் தேயிலையைக் குறை சொல்கிறாள்" என்று யாராவது வருவார்கள். இதை எழுதும்போதும் பக்கத்தில் ஒரு கோப்பை இருக்கிறது.

அப்புறம் அம்மாவுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 8.7. அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் மலை ஏறிக் கொழுந்து எடுத்திருக்கிறார். கிலோ குறைந்த நாளெல்லாம் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள்.