உலகத்தில் ஒரே ஒரு பழங்கோயில்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே போவது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: கோட்டை, அரண்மனை, கோயில் என்று உலகமெங்கும் ஆயிரம் இருக்க, ஒரு வார விடுப்பும் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கான காசும் மட்டும் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

என் பதில் கம்போடியாவின் அங்கோர், கெமர் அரசர்களின் பழைய தலைநகரம். அதன் பெரிய கோயில்தான் அங்கோர் வாட், சுற்றி வேறு பல கோயில்களும் உண்டு. தமிழில் புராணக் கதை கேட்டு வளர்ந்த எவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். அங்கே வழிகாட்டி அரை மணி நேரம் விளக்கும் சிற்பத்தை நீங்கள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வீர்கள். ஆனால் ஒன்று: விடியற்காலையில் குளத்தங்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு ஓட்டல் திரும்புகிற பயணமாக இருந்தால் போகவே வேண்டாம். மூன்று நாள் கொடுங்கள்.

முதலில் அங்கோர் வாட். இதைக் கட்டிய கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் பட்டத்துக்கு வந்தது 1113 வாக்கில், நம் ஊரில் முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் சோழனுக்குக் காட்சிப்பொருளாகக் கொடுத்த கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் வைக்கப்பட்டதை அங்குள்ள குலோத்துங்கன் காலக் கல்வெட்டு சொல்கிறது. இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று அறிந்தே இருந்தன. சூரியவர்மன் எழுப்பியது விஷ்ணு கோயில். நடுக் கோபுரம் தரையிலிருந்து சுமார் 65 மீட்டர். சுற்றியுள்ள அகழியின் அகலம் 190 மீட்டர், சுற்றளவு 5 கிலோமீட்டருக்கு மேல்.

அந்த அகழியை வெறும் அழகுக்கோ காவலுக்கோ வெட்டியதாக நினைக்காதீர்கள். கோயில் நிற்பது பாறைமேல் அல்ல, கெட்டித்த மணல் அடித்தளத்தின்மேல். அந்த மணல் ஈரமாக இருக்கும்வரைதான் உறுதி. காய்ந்தால் இளகும், மேலே இருக்கும் கல் அசையும். அகழி நீர் அந்த ஈரத்தைக் காக்கிறது. பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஓட்டல்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவதைப் பற்றித் தொல்லியல் ஆட்கள் கவலைப்படுவதும் இதனால்தான்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கோயிலின் வாசல் மேற்கே. உள்ளே போனதும் மூன்றாம் திருச்சுற்று, அதாவது தூண்கள் வரிசையிட்ட நீள மண்டபம். அதன் உட்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். நம் கால் பழக்கத்தில் தானாக இடப்பக்கம் திரும்பும், வலம் வரத் தொடங்கும். அங்கேதான் தப்பு நடக்கிறது. இங்குள்ள சிற்பங்களை இடமாகச் சுற்றித்தான் படிக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம், தெற்கு நோக்கித் திரும்புங்கள். சுவர் எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கட்டும். மேற்கு வாசல், இடச் சுற்று இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது மன்னனின் ஈமச் சடங்கோடு தொடர்புடைய கோயில் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அப்படி நடந்தால் முதலில் வருவது குருச்சேத்திரம். சுமார் 48 மீட்டர் நீளம். இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், நடுவில் கைகலப்பு. ஓரங்களில் படை ஒழுங்காக அணிவகுத்து வரும், நடுவை நெருங்க நெருங்க கலைந்து உடல்மேல் உடலாகும். அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடுங்கள், இடப் பகுதியில் மேலே இருப்பார். திரும்பினால் தெற்குச் சுவரில் சூரியவர்மனின் ஊர்வலம், 90 மீட்டருக்கு மேல். அடுத்து சொர்க்கமும் நரகமும்: எருமைமேல் பல கைகளோடு யமன், பக்கத்தில் கணக்கு பார்க்கும் சித்திரகுப்தன்.

கிழக்குச் சுவரின் தென்பாதியில்தான் பாற்கடல். இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 49 மீட்டர் நீளத்துக்கு வாசுகியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர். நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. எல்லோரும் பார்ப்பது இழுக்கிறவர்களின் முகத்தை. நீங்கள் குனிந்து கீழ்ப்பட்டையைப் பாருங்கள். ஓரத்தில் மீனும் முதலையும் முழுசாக நீந்தும். மத்தை நெருங்க நெருங்கக் கூட்டம் நெருக்கும். மத்தின் அருகே மீன்கள் இரண்டு துண்டாகக் கிடக்கும், கடைந்த வேகத்தில் வெட்டுப்பட்டவை. கடல் கடைந்தால் கடலில் இருந்த உயிருக்கு என்ன ஆகும் என்று யோசித்த சிற்பி அவர். அதே நடுப்பகுதியில் உளி முழுக்கப் படாத இடங்களும் இருக்கின்றன. முதலில் கோடு, பிறகு மேலோட்டமான வெட்டு, கடைசியில் நகாசு என்று வேலை எப்படிப் படிப்படியாக நடந்தது என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

அதற்கு அடுத்த இரண்டு பகுதிகள், அதாவது விஷ்ணு அசுரரை வெல்வதும் கண்ணன் பாணாசுரனை வெல்வதும், 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. தரம் இறங்குவது உடனே தெரியும், அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். சுற்றி மறுபடி மேற்குச் சுவரின் வடபாதிக்கு வந்தால் இலங்கைப் போர். இருபது கை இராவணனும் கடித்துப் பிடுங்கும் குரங்குகளும். இதைத் தவறவிடக் கூடாது.

வெளிச்சக் கணக்கு எளிது. பாற்கடல் கிழக்கே பார்க்கிறது, காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் தூண்களுக்கிடையே சாய்ந்த வெயில் சுவரில் விழும்போது உருவங்கள் எழுந்து நிற்கும். குருச்சேத்திரமும் இலங்கையும் மேற்கே பார்ப்பவை, பிற்பகல் மூன்றரைக்கு மேல் வாருங்கள். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் தட்டையாகத் தெரியும், ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். வெளிச்சம் தப்பிப்போனால் சிற்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயிலின் முகப்பும் மேற்கே பார்ப்பதால் சூரியோதயத்தில் கோபுரம் கருப்பு நிழலுருவாகத்தான் வரும். கல்லின் நிறம் வேண்டுமென்றால் மாலை.

சூரியோதயம் பார்க்கத்தான் வேண்டுமா? ஒரு நாள் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கமுள்ள வடக்குக் குளத்தில்தான் கூட்டம் மொய்க்கும். சூரியன் கோபுரத்துக்கு மேல் வந்ததும் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்புவார்கள். அப்போது நீங்கள் நேராகக் கிழக்குப் பக்கம் போய்விடுங்கள். ஒரு மணி நேரம் பாற்கடல் ஏறக்குறைய உங்களுக்கே.

உச்சி மாடத்தை பாக்கன் என்பார்கள். காலை 6:40க்குத் திறக்கும். பழைய கல் படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை, இப்போது அவற்றின்மேல் மரப்படி போட்டிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் மேலே விடும் ஆட்களுக்குக் கணக்கு உண்டு, அதனால் எட்டு மணிக்கு மேல் வரிசை நீளும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத சட்டைமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. பலர் அங்கே போய் ஏமாறும் விஷயம் இன்னொன்று: பௌத்த விரத நாட்களில் பாக்கன் மூடியிருக்கும். அவை அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி. வீட்டு நாள்காட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், ஒரு நாள் முன்பின் வித்தியாசம் வரலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வெளியே வரும்போது மேற்கு நுழைவாயில் மண்டபத்தில் எட்டுக் கையோடு நிற்கும் பெரிய விஷ்ணுவைப் பாருங்கள். தா ரீச் என்று பெயர் சொல்லிக் கெமர் மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். கோயில் பௌத்தத்துக்கு மாறி நூற்றாண்டுகள் ஆகியும் அவருக்கு வழிபாடு நிற்கவில்லை.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளியே தெரிவது மணற்கல், உள்ளே நிரப்பியது செம்புரைக்கல். மணற்கல் வந்தது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள குலேன் மலையடிவாரத்திலிருந்து. கற்களில் விரல் நுழையும் அளவு வட்டத் துளைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து எல்லாம் குண்டு பாய்ந்த தழும்பு என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலானவை கல்லைத் தூக்க முளை அடித்த துளைகள். சாந்து இல்லை, கல்லின்மேல் கல்லை வைத்துத் தேய்த்தே இணைப்பை நெருக்கியிருக்கிறார்கள். உண்மையான வளைவு அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் முன்னே நீட்டி, மேலே இரண்டு பக்கமும் சேரும்படி கூரை போட்டார்கள். அதனால்தான் இவ்வளவு பெரிய கோயிலில் அகலமான கூடம் ஒன்றுகூட இல்லை. செங்குத்து இணைப்புகள் பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று நேர்கோட்டில் வருகின்றன. நம் கொத்தனார் செங்கல் மாற்றி வைப்பாரே, அந்த மாற்றுக்கட்டு இல்லை. வேர் நுழைந்தாலோ அடித்தளம் இறங்கினாலோ சுவர் அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். மணற்கல் தூண்கள் உரிந்து நிற்பதற்குக் காரணம் வேறு: கல்லின் இயற்கைப் படுகையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நட்டால் ஈரம் ஏறி ஏடு ஏடாக உரியும்.

மற்ற இடங்கள். பின்னால் வந்த கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மனின் அங்கோர் தோம் நகரம் பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் கொண்ட சதுரக் கோட்டை, மதில் 8 மீட்டர் உயரம். கோட்டை பிடிக்கும் என்பவர்கள் தெற்கு வாசலில் இறங்கி நடந்தே நுழையுங்கள், பாலத்தின் இருபுறமும் 54 தேவரும் 54 அசுரரும் நாகத்தைப் பிடித்திருப்பார்கள். நகரின் நடுவில் பாயோன், கோபுரங்களில் பெரிய முகங்கள் செதுக்கிய கோயில். மேலே உள்ள முகங்களைப் பார்க்கும் அவசரத்தில் கீழே வெளிச்சுற்றுச் சிற்பத்தை விட்டுவிடாதீர்கள்: சந்தை, சேவல் சண்டை, மீன் நிறைந்த ஏரியில் அண்டை நாட்டுச் சாம் படையோடு போர். அரச வாழ்க்கை மட்டுமல்ல, சாதாரண மனிதரின் அன்றாடம் அதில் இருக்கிறது. தா ப்ரோம் கோயில் சுவர்களைப் பற்றிய மரவேர்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே புனரமைப்பு வேலையில் இந்தியத் தொல்லியல் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு கோயிலுக்குள் 12,640 பேர் குடியிருந்ததாகக் கணக்குச் சொல்கிறது.

நுழைவுச் சீட்டு: ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, 10 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். கிளம்புமுன் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒரு தடவை விலையைச் சரிபாருங்கள். சீட்டில் உங்கள் படம் அச்சாகும், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. மாலை 5 மணிக்கு மேல் மறுநாளுக்கான சீட்டு வாங்கினால் அன்றைய அஸ்தமனத்தை இலவசமாகப் பார்க்கலாம், மறுநாள் அதிகாலை வரிசையும் மிச்சம். சீட்டு விற்கும் இடம் கோயில் வாசலில் இல்லை, தனியே ஊர்ப்பக்கம் இருக்கிறது. சீட்டில்லாமல் விடியலில் வாசலுக்குப் போனால் திரும்பி வரத்தான் வேண்டும். டாலர் நோட்டு கிழிசலோ மடிப்புக் கிழிவோ இருந்தால் வாங்க மாட்டார்கள், ஊரிலேயே நல்ல நோட்டாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, ஊரிலிருந்து வெகுதூரம். காரில் ஒரு மணி நேரம் கணக்கு வையுங்கள். தாய்லாந்து வழியாகத் தரைமார்க்கமாகப் போகும் பழைய திட்டங்களை நம்ப வேண்டாம், 2025 மோதலில் அந்த எல்லை மூடப்பட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க இதம். ஏப்ரல் வெயில் நம் சித்திரை மாதிரியே, அதோடு புழுக்கம் வேறு.

மூன்றாம் நாளை பாந்தேய் ஸ்ரீக்கு வையுங்கள். 967இல் பிரதிஷ்டை செய்த சிவன் கோயில், அரசர் கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது. அளவில் சின்னது, இளஞ்சிவப்பு மணற்கல். மரத்தில் செதுக்கியது மாதிரி நுணுக்கம். கருங்கல்லில் இது வராது. கிழக்கு பார்த்த கோயில், காலை 7:30க்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், பேருந்துக் கூட்டம் ஒன்பதுக்கு மேல்தான் வரும். தெற்கு நூலகம் என்று அழைக்கும் சிறு கட்டடத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். கிழக்கு வாசல் ஒன்றின் முகப்பில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஓரமாக, எலும்பு தெரியும் உடம்பும் வற்றித் தொங்கும் மார்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பலரும் நிமிர்ந்து சிவனைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது காரைக்கால் அம்மையார்.