கழுகும் ஆந்தையும்

கேள்வி: என்னிடமுள்ள இரண்டு 1 யூரோ நாணயங்களில் ஒன்றில் கழுகும் மற்றொன்றில் ஆந்தையும் உள்ளன. இவற்றில் ஒன்று போலியா?

பதில்: பின்பக்கப் படம் வேறாக இருப்பதால் மட்டும் ஒன்றைப் போலி என்று கொள்ள வேண்டியதில்லை. மதிப்பைக் காட்டும் பக்கம் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. அதை வடிவமைத்தவர் பெல்ஜிய நாணயச் சாலையைச் சேர்ந்த லுக் லுயிக்ஸ். மறுபக்கத்தை, விளிம்பைச் சுற்றி 12 நட்சத்திரங்கள் இருக்கும்படி, ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கிறது. கழுகு ஜெர்மனிக்குரியது. ஆந்தையோ கிரேக்கத்துக்குரியது, நம்மூரில் அபசகுனம் என்று விரட்டப்படும் அப்பறவை அங்கே அதீனா தேவியின் அடையாளமாதலால், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நகர நான்கு திராக்மா நாணயத்திலிருந்தே அதை எடுத்துப் பொறித்திருக்கிறார்கள். நாணயங்களை அந்தந்த நாடே வெளியிட்டாலும், ஆண்டுதோறும் எவ்வளவு வெளியிடலாம் என்பதற்கு ஐரோப்பிய மத்திய வங்கியின் ஒப்புதல் வேண்டும். புழக்கத்துக்கு வந்தபின், எந்த நாட்டு நாணயமும் யூரோ வழங்கும் நாடுகள் அனைத்திலும் செல்லும்.