பிள்ளைங்களுக்கு ஒரு கலர் வண்டி: நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

சக்கரம் வச்ச ட்ராலியில கலர், பேப்பர், பசைன்னு எல்லாம் அடுக்கி பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி வச்சுக் கொடுக்கறது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன். பிள்ளை யார்கிட்டயும் கேக்காம தானே எடுத்து வரைஞ்சு தானே திருப்பி வைக்கணும், அதுக்குத்தான் இந்த வண்டி. இதை மனசுல வச்சுக்கிட்டு வாங்கினா பாதி குழப்பம் தீந்துடும்.

சென்னையில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், தனி ரூமுக்கு வழியே இல்ல. எந்த மாதிரி ட்ராலி வாங்கலாம்? ஆன்லைன்ல பாத்தா விலை எங்கேயோ இருக்கு.

ஆர்ட் ட்ராலின்னு பேர் போட்டு விக்கறதை வாங்கவே வேணாம். பாத்திரக்கடையில வெங்காயம் உருளைக்கிழங்கு போட மூணு தட்டு காய்கறி ட்ராலி விக்கறாங்க இல்ல, அதுவே போதும், ஆனா மூணு விஷயம் பாத்து வாங்குங்க. மேல்தட்டு உங்க பிள்ளையோட நெஞ்சு உயரத்துக்கு மேல போகக்கூடாது, போச்சுன்னா எட்டி எட்டி எடுக்கும்போது வண்டியை தன் மேலயே இழுத்து போட்டுக்கும். அகலம் கம்மியா நாலஞ்சு தட்டு உயரமா போற ஒல்லி ட்ராலி இருக்கே, அது கிச்சன் இடுக்குல செருக நல்லாருக்கும், பிள்ளைக்கு வேணாம். அப்புறம் சக்கரம். பட்டாணி சைஸ் பிளாஸ்டிக் சக்கரம் டைல்ஸ் இடுக்குலயே மாட்டும், நிலைப்படி வந்தா சுத்தம், அதனால கொஞ்சம் பெரிய ரப்பர் சக்கரமா, அதுல ரெண்டுக்காவது பிரேக் இருக்கற மாதிரி வாங்குங்க. கடையிலயே மேல்தட்டு ஓரத்தை ஒரு கையால அமுக்கிப் பாருங்க, லேசா அமுக்கினதுக்கே சாஞ்சா வச்சுட்டு வந்துடுங்க.

வீட்டுக்கு வந்ததும் கனமானது எல்லாம் கீழ்த்தட்டுக்கு போகணும். 75 ஜிஎஸ்எம் ஏ4 பேப்பர் 500 ஷீட் கட்டு ஒண்ணு கிட்டத்தட்ட 2 கிலோ 300 கிராம் இருக்கும், அதை அடியில வச்சாலே வண்டி நல்லா நிலையா நிக்கும்.

சொந்தக்காரங்க எல்லாரும் பர்த்டேக்கு கலர் செட்டா கொடுத்து குவிச்சிட்டாங்க, 4 வயசு பொண்ணு, எல்லாத்தையும் கொட்டுறா, ரெண்டு நிமிஷம் கிறுக்கறா, போயிடுறா. பொறுமையே இல்லையே?

பொறுமை இருக்கும்மா, எதிர்ல இருக்கற சாமான்தான் ஜாஸ்தி. 48 கலரை மொத்தமா பாக்கற 4 வயசு பிள்ளைக்கு கொட்டிப் பாக்கறதே பெரிய வேலையா ஆயிடுது, வரையற ஆசை அதுலயே தீந்துடுது. முக்காவாசியை எடுத்து பரண்ல போடுங்க, மனசாட்சி உறுத்தாம போடுங்க. குழந்தைக் கல்வியில பேர் போன இத்தாலிக்காரங்க மரியா மாண்டிசோரி 1939ல அடையாறுக்கு வந்து நம்ம ஊர் டீச்சர்களுக்கு பயிற்சி கொடுத்தாங்க, அவங்க முறையில திறந்த தாழ்வான ஷெல்ஃப்ல ஒவ்வொரு சாமானும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், எல்லாம் கண்ணுக்கு தெரியும், எடுத்தது அதே இடத்துக்கு திரும்பி வரணும். நம்ம ட்ராலிக்கும் அதையேதான் நான் சொல்வேன்.

4 வயசுக்கு மேல்தட்டுல எட்டு தடி கிரேயான், ரெண்டு பென்சில், முனை மழுங்கின கத்திரிக்கோல் ஒண்ணு, ஒரு ஃபெவிஸ்டிக். நடுத்தட்டுல ஒரு டப்பா நிறைய ஒட்டற சாமான், டெய்லர் கடை வெட்டுத்துணி, கல்யாண பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ் அட்டை, ஈர்க்குச்சி, பிள்ளை பொறுக்கிட்டு வந்த இலை, என்ன கிடைக்குதோ அது. கீழ பேப்பர். இவ்வளவுதான். ரெண்டு வாரம் ஆனதும் நடுத்தட்டை மட்டும் மாத்துங்க, மத்தது அப்படியே இருக்கட்டும், ஏன்னா தினமும் இடம் மாறுற சாமானை திருப்பி வைக்க பிள்ளைக்கு எப்படி தெரியும். டப்பாவுக்கு மூடி வேணாம், உள்ள என்ன இருக்குன்னு வெளியில ஒரு படம் வரைஞ்சு ஒட்டிடுங்க, இன்னும் படிக்கத் தெரியாது இல்ல.

என் கிளாஸ்ல பெயிண்ட் நாள்னா பழைய குழிப்பணியார சட்டியைத்தான் பேலட்டா வைப்பேன், கனமா இருக்கும், கவிழாது, ஏழு குழி. ஒரு நாள் மஞ்சளும் நீலமும் மட்டும்தான் ஊத்தி வச்சிருந்தேன். ஒரு குட்டிப்பொண்ணு பிரஷ்ஷை கழுவாமலே மஞ்சள்லேர்ந்து நீலத்துக்கு போனா, குழியோட ஓரத்துல பச்சையா ஒரு கோடு இழுத்துச்சு, அப்படியே நிறுத்திட்டு பிரஷ்ஷோட முடியை விரிச்சு விரிச்சு பாத்தா, அப்புறம் காலியா இருந்த அஞ்சு குழியிலயும் அஞ்சு விதமா பச்சை கலக்கினா, பேப்பர் பக்கமே வரல. பன்னெண்டு கலர் பாட்டில் வச்சிருந்தா பச்சையை பாட்டில்லேர்ந்து எடுத்துட்டு போயிருப்பா. போஸ்டர் கலர் வாங்கறதுன்னா சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நாலே நாலு வாங்குங்க. பாட்டில் உங்ககிட்ட இருக்கட்டும், ஸ்பூன்ல ஊத்தினது மட்டும் வண்டிக்கு வரட்டும்.

மூத்தவனுக்கு 6, சின்னவளுக்கு ஒண்ணரை வயசு. அவன் வண்டியில இருக்கறதெல்லாம் இவ வாயில போகுதே அக்கா?

இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. 3 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க பொம்மையை சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு உருளை வச்சிருக்காங்க, அதுக்குள்ள முழுசா அடங்கற எந்த சாமானும் தொண்டையில அடைக்கலாம்னு கணக்கு. பாசிமணி, கண் ஸ்டிக்கர், பட்டன், பஞ்சு உருண்டை, உடைஞ்ச கிரேயான் துண்டு, ஸ்கெட்ச் மூடி எல்லாமே இதுல அடங்கிடும். இதெல்லாம் சின்னவளுக்கு 3 வயசு ஆகற வரைக்கும் வண்டியிலயே வேணாம், ஒரு மூடி டப்பாவுல போட்டு உயரத்துல வைங்க, அவ தூங்கும்போது மூத்தவன் டேபிள்ல உக்காந்து எடுத்துக்கட்டும். பட்டன் பேட்டரி போட்ட லைட் பேனா, குட்டி காந்தம் ரெண்டும் வீட்டுக்குள்ளயே வேணாம்னு சொல்வேன், முழுங்கிட்டா குடலையே ஓட்டை போடும். அப்படி சந்தேகம் வந்தா வாழைப்பழம் கொடுத்து பாக்கறேன்னு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

ஃபெவிக்விக், தின்னர், பர்மனென்ட் மார்க்கர், பேப்பர் கட்டர் எந்த வயசு பிள்ளை வண்டியிலயும் கூடாது.

சின்னவளுக்கும் மேல்தட்டுல ஒரு மூலை கொடுங்க, கைக்கு அடங்கற பெரிய தடி கிரேயான் ரெண்டு, காலண்டர் பின்பக்கம் நாலு. அவளுக்குன்னு ஒண்ணு இருந்தா அண்ணன் சாமான் மேல கை போறது தானா குறையும்.

நான்-டாக்ஸிக்னு போட்டிருந்தா நம்பலாமா?

வாயில கொஞ்சம் பட்டா பயப்பட வேணாம்ங்கற அளவுக்குத்தான் அந்த வார்த்தை, சாப்பிடற பொருள்னு அர்த்தம் கிடையாது, கம்பெனி பேரே இல்லாத பாட்டில்ல அப்படி அச்சடிச்சிருந்தா அதுக்கு மதிப்பும் கிடையாது. 2021 ஜனவரி 1லேர்ந்து நம்ம நாட்டுல பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அந்த முத்திரைக்கான ஐஎஸ் 9873ங்கற தரத்துல விரல் பெயிண்டுக்குன்னே தனி பகுதி இருக்கு, அதனால விரலால தொட்டு வரையற பெயிண்ட் வாங்கினா முத்திரையை தேடிப் பாருங்க. பெரியவங்க ஆர்டிஸ்ட் டியூப் கலர் எவ்வளவு நல்ல பிராண்டா இருந்தாலும் சின்னப்பிள்ளைக்கு வேணாம், சில நிறமிகள்ல காட்மியம் மாதிரி விஷ உலோகம் இருக்கும். கலர் கோலமாவு அழகா இருக்குன்னு எடுத்து வைக்காதீங்க, மூடின ரூம்ல அந்த தூசி மூக்குக்குள்ள போகும்.

சுவர் பூரா கிரேயான். வாடகை வீடு.

ஈரத்துணியில கொஞ்சம் சமையல் சோடா தொட்டு மெதுவா தேயுங்க, எமல்ஷன் அடிச்ச சுவர்னா போயிடும். டிஸ்டெம்பர் சுவர்ல தேச்சா பெயிண்ட்டே கையோட வரும், அதனால கதவுக்கு பின்னாடி ஒரு ஓரத்துல முதல்ல சோதிச்சு பாருங்க. இனிமே வண்டி நிக்கற இடத்துல சுவர்ல ரெண்டு சார்ட் பேப்பரை பிள்ளை உயரத்துக்கு ஒட்டி விடுங்க, நின்னு பெருசா வரையணும்னு தோள்பட்டைக்கே ஒரு ஆசை உண்டு, அதை அடக்க முடியாது.

மழைக்காலத்துல பேப்பர் சுருளுது, கலர்ல பூஞ்சை, வீட்டுல பண்ணின மைதா களிமண்ல எறும்பு. கடலூர்.

பேப்பரை நிறுத்தி வைக்காதீங்க, படுக்க வச்சு மேல பரிட்சை அட்டை ஒண்ணு கனத்துக்கு வைங்க. ஐப்பசி கார்த்திகையில மொத்தக் கட்டையும் வண்டியில வைக்காம இருபது ஷீட் மட்டும் வச்சு மீதியை பிளாஸ்டிக் கவர்ல கட்டிடுங்க. பூச்சிக்கு அந்துருண்டை மட்டும் போட்டுடாதீங்க, மிட்டாய் மாதிரியே இருக்கும், விஷம், காஞ்ச வேப்பிலை போதும். தண்ணி கலந்த பெயிண்ட்டை திரும்ப பாட்டில்ல ஊத்தறதாலதான் பூஞ்சை வருது, மிச்சமானதை கொட்டிடுங்க. பிரஷ்ஷை கழுவி படுக்க வச்சு காய வைங்க, ஈரத்தோட நிறுத்தினா தண்ணி கீழ இறங்கி தகரத்துக்குள்ள இருக்கற பசையை இளக்கி முடி கொட்டும். ஸ்கெட்ச் பேனா அதுக்கு நேர் மாறு, முனை கீழ பாத்து நிக்கணும். மைதா களிமண்ல உப்பு கை நிறைய போட்டு பிசைஞ்சு எவர்சில்வர் டப்பாவுல இறுக்க மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க, வண்டியில வைக்கற சாமானே இல்ல அது. வீட்டுல நாய் இருந்தா அந்த உப்பு மாவு அதுக்கு எட்டவே கூடாது.

இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்தேன், இப்பவும் சாயங்காலம் கோயில் திண்ணையில இருபது பிள்ளைங்க வராங்க. என்கிட்ட டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கு, அதுலயே ஒரு கலர் வண்டி போடலாமா?

கண்டிப்பா போடுங்க தம்பி, எனக்கு வந்த கேள்வியிலயே ரொம்ப பிடிச்ச கேள்வி இது. ட்ராலியை தூக்கிட்டு போக முடியாது, அதனால தட்டுக்கு பதிலா பை. பால் பாக்கெட் கொண்டு போற பிளாஸ்டிக் கிரேட் ஒண்ணு பின்சீட்ல ரப்பர் கயிறு போட்டு கட்டுங்க, அதுக்குள்ள அஞ்சு துணிப்பை, நாலு பிள்ளைக்கு ஒரு பை. ஒவ்வொரு பையிலயும் ஒரே மாதிரி சாமான், ஒரே எண்ணிக்கை, பை மேல என்னென்ன எத்தனைன்னு படமா தைச்சோ வரைஞ்சோ விடுங்க, முடிஞ்சதும் அந்த நாலு பேரே எண்ணி கட்டி கொண்டு வந்து கொடுக்கணும். இருபது பேருக்கும் நடுவுல ஒரே டப்பாவை வச்சீங்கன்னா கூச்சப்படற பிள்ளைக்கு கடைசியில பழுப்பு கிரேயான்தான் மிஞ்சும், நீங்க கவனிக்கக்கூட மாட்டீங்க.

திண்ணை தரை சொரசொரப்பா இருக்கும், ஆளுக்கொரு பரிட்சை அட்டை வேணும், கிளிப் இருக்கறதால காத்துல பேப்பர் பறக்காது. தண்ணிக்கு டம்ளர் வேணாம், அடி அகலமான கிண்ணத்துல கால் பங்குதான் ஊத்தணும். பிரிண்டிங் பிரஸ்ல வெட்டின ஓரப்பேப்பர், ஜவுளிக்கடையில சட்டைக்குள்ள வைக்கற அட்டை, வருஷம் முடிஞ்ச மாசக் காலண்டர் எல்லாம் கேட்டா கொடுப்பாங்க, பிள்ளைங்களுக்குன்னு சொன்னா யாரும் மறுக்கறதில்ல. சித்திரை வெயில்ல கிரேட்டை வண்டியிலயே விட்டுட்டு போயிடாதீங்க, கிரேயான் எல்லாம் இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

குழந்தைகள் வார்டுல நர்ஸா இருக்கேன். ஒரு ட்ராலி கொடுத்திருக்காங்க. எப்படி பண்றது?

உங்க வார்டு இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல்ல என்ன சொல்றாங்களோ அதுதான் முதல்ல. வீட்டுல சொன்னது இங்க அப்படியே பொருந்தாது, துணி, மரம், களிமண், பிரஷ், இலை எதுவும் வேணாம், துடைக்க முடியாதது வண்டியில ஏறவே கூடாது. ஆளுக்கொரு ஜிப் கவர், அதுல ஆறு கிரேயான் நாலு பேப்பர், பெட்டுக்கு போன கவர் திரும்ப வண்டிக்கு வரக்கூடாது, அந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துட்டு போகட்டும். வரையற கையிலயே ட்ரிப் ஊசி இருந்தா பேப்பரை அட்டையில நாலு பக்கமும் டேப் போட்டு மடியில வச்சுடுங்க, இன்னொரு கையால கோணலா வரைஞ்சாலும் பேப்பர் நகராது. ஸ்டிக்கர் நிறைய வைங்க, பலமில்லாத விரலுக்கு அது சுலபம். எந்த கவர் வேணும்னு பிள்ளையே கை காட்டட்டும், அவசரம்னு நீங்களே எடுத்து கொடுத்துடாதீங்க, வார்டுல அந்தப் பிள்ளையைக் கேட்டு நடக்கற விஷயம் ரொம்ப கம்மி.

இடதுகை பழக்கம், கத்திரிக்கோல் வெட்டவே மாட்டேங்குது, பேப்பர் மடங்குது.

இடதுகைக்குன்னே கத்திரிக்கோல் இருக்கு, பிளேடு மாத்தி வச்சிருக்கும், வாங்கிக் கொடுங்க. கையை மாத்த சொல்லாதீங்க.

மூணு வயசு பையன், எந்த கலர் கொடுத்தாலும் கருப்பை மட்டும் எடுத்து சுத்தி சுத்தி கிறுக்கறான். மனசுல ஏதாவது பிரச்சனையா?

அந்த வயசுல கருப்பு பிடிக்கறதுக்கு பெரிய காரணம் வெள்ளை பேப்பர்ல அதுதான் பளிச்சுன்னு தெரியும்ங்கறதுதான். குழந்தை ஓவியத்தை ஆராய்ஞ்ச விக்டர் லோவன்ஃபெல்ட் சுமாரா 2லேர்ந்து 4 வயசை கிறுக்கற பருவம்னே பிரிச்சு வச்சாரு, அப்போ கை அசையறதும் கோடு வர்றதும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்னு பிள்ளை கண்டுபிடிச்சிட்டு இருக்கும், கலர் பிறகுதான். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் எப்பவும் போல இருந்தா கவலையே வேணாம். இது என்னன்னு கேக்காதீங்க, எவ்வளவு பெரிய வட்டம் போட்டிருக்கேன்னு சொல்லுங்க. கருப்பு சீக்கிரம் தீந்துடும், பரண்ல போட்ட செட்டுல இருக்கற கருப்பையெல்லாம் எடுத்து அவன் தட்டுல போடுங்க.